அண்ணன் படித்த புத்தகம்

அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு வரும், முழங்கை கிழிந்திருக்கும். அக்காள் ஓட்டிய சைக்கிள் தங்கைக்கு வரும். செயின் அடிக்கடி கழன்று விழும். அண்ணன் படித்த புத்தகமும் தம்பிக்கு வரும். அட்டை போயிருக்கும், உள்ளே இருக்கும் அறிவு போயிருக்காது! பாட்டாளி வீட்டுப் பொருளாதாரம் இது. இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை, தோழர்களே. பழைய புத்தகம் படித்துக் கரையேறியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

சென்னையிலே மூர் மார்க்கெட் என்றாலே பழைய புத்தகந்தான். அந்தக் கட்டடம் 1985இல் தீக்கிரையாயிற்று. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தன. புத்தகங்களும் கூடவே பெயர்ந்தன. இன்று பழைய புத்தகக் கடைகளிலே செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கிடப்பவை நீட் தேர்வுப் புத்தகங்கள். ஏன் இத்தனை? நீதியரசர் ஏ.கே.இராசன் குழு 2021இல் தந்த அறிக்கையைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களுள், முந்தைய ஆண்டுகளிலேயே பள்ளியை முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு. 2020-21இல் அதுவே 71.42! ஆண்டுக்கொரு தேர்வு, தேர்வுக்கொரு புத்தகக் கட்டு. வசதி படைத்தவன் புதிதாக வாங்கிப் பழையதைக் கழிக்கிறான். கழித்ததை நம் பிள்ளை காசு கொடுத்து எடுத்து வருகிறது.

"நீட் ஒழிக என்று மேடையிலே முழங்குகிறீர்கள், வீட்டிலே அதற்கே புத்தகம் தேடுகிறீர்களா?" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நகையாடட்டும். 1984இல் இங்கே நுழைவுத் தேர்வு வந்தது. கலைஞர் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் 2007இல் அதை ஒழித்தது. ஒழித்ததை 2017இல் நீட் என்னும் வேறு பெயரில் தமிழ்நாட்டின் தலையிலே கட்டினார்கள். அவ்வாண்டு, பிளஸ் டூவில் 1200க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். விலக்குக் கோரும் சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022இல் மீண்டும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025இல் பேரவையிலே அறிவிக்கப்பட்டது. போராட்டம் நீளும். அது முடிகிற வரையில் இந்த ஆண்டுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? கோடு அழிகிற வரை கோட்டுக்குள்ளே ஓடத்தான் வேண்டும்.

பழைய புத்தகம் போதுமா என்பதே கேள்வி. பெரும்பகுதிக்குப் போதும். நியூட்டன் விதிக்குப் புதுப் பதிப்பு கிடையாது. ஓமின் விதி விலையேறியதாகத் தகவல் இல்லை! பத்தாண்டுக்கு முந்தைய கணக்கைப் போட்டுப் பழகிய கை, இந்த ஆண்டுக் கணக்கையும் போடும். முன்னாளைய வினாத்தாள் தொகுப்பு எவ்வளவு பழையதானாலும் பயிற்சிக்குப் பொன்.

ஆனால் பழைய புத்தகத்திலே பள்ளமும் உண்டு. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் அணுவைப் பற்றி இயற்பியலிலே ஒரு வினா வந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய புத்தகம், எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்ற பொருளில் சொல்லியிருந்தது. புதிய பதிப்போ பெரும்பாலான தனிமங்கள் என்றது. வேறுபாடு ஒரே சொல்! தேர்வு முகமை முதலில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தந்தது. முழு மதிப்பெண் 720 பெற்றதாக அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேர் அந்த ஒரு வினாவால் ஏறியவர்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவரின் கருத்தைக் கேட்டு, விடை ஒன்றே என்று சூலையில் முடிவாயிற்று. பழைய விடையைக் குறித்த நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் பறிபோயிற்று: கொடுத்த நாலும் போய், தவறுக்குத் தண்டமாக ஒன்றும் போயிற்று. முழு மதிப்பெண்காரர் 17 பேராகச் சுருங்கினர்.

அறிவியலை நாம் குறை சொல்லவில்லை. ரேடியத்தின் அணு சிதைகிறது என்பது கியூரி அம்மையார் காலத்துச் செய்தி. நாம் கேட்பது வேறு. பிழையை அச்சிட்டது யார்? அரசின் அமைப்பு. திருத்தியது யார்? அதே அமைப்பு. ஐந்து மதிப்பெண் அபராதம் கட்டியவர்களிலே அண்ணன் புத்தகத்தை நம்பிய தம்பி எத்தனை பேர்? அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் முந்திவிடும் பந்தயம் இது.

ஆகவே, படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேலை. திரட்டிய புத்தகத்தை அப்படியே பிள்ளை கையிலே திணிக்காதீர். முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். 2024 தேர்வுக்கென்று பாடத்திட்டத்தை மாற்றினார்கள். திண்மநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், உயிரியலிலே செரித்தல் எல்லாம் நீங்கின. செய்முறைத் திறன் புதிதாக நுழைந்தது. பகலெல்லாம் கடையிலே வேலை பார்த்து இரவிலே படிக்கிற பிள்ளை, நீக்கிய பாடத்தில் ஒரு மாதத்தைத் தொலைத்தால் அந்த மாதத்தை யார் திருப்பித் தருவது? பாரிசுக்கு அருகே வைத்த உலோகக் கட்டிதான் கிலோகிராம் என்று பழைய இயற்பியல் சொல்லும். 2019 மே 20 முதல் அந்த வரையறை இல்லை. 2021 முதல் 2024 வரை 200 வினா கொடுத்து 180க்கு விடை கேட்டார்கள். 2025இல் 180 வினா, மூன்று மணி நேரம் என்று திரும்பிவிட்டது. இடைக்கால மாதிரித் தேர்வுப் புத்தகத்தை வைத்து நேரம் பழகினால் கணக்குத் தப்பும். 2018க்கு முந்தைய நம் மாநிலப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம், 2019க்கு முந்தைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். பாடம் முழுக்க மாறிவிட்டது.

புதிய பாடநூல்கள் அரசு இணையதளங்களிலே இலவசம், பாடத்திட்டமும் அப்படியே. கைப்பேசியிலே இறக்கி, அறிவியல் படித்த தோழர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார வைத்து, அதிகாரம் அதிகாரமாக ஒப்பிடச் சொல்லுங்கள். நீங்கிய பாடத்துக்குப் பென்சிலால் குறுக்குக்கோடு. மாறிய வரிக்கு ஓரத்திலே புது வரி. பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு அதே பாடத்தைத் திரும்பச் சேர்த்தாலும் சேர்ப்பார்கள், யார் கண்டது! சரிபார்த்த தேதியை முதல் பக்கத்திலே எழுதி, அதன் பிறகு பிள்ளையிடம் கொடுங்கள்.