நர்ஸும் இல்லை, வேலைக்காரியும் இல்லை: பெரம்பலூர், அரியலூரில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. கூடவே தங்கிப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். லேடீஸா இருந்தா நல்லது."

இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. விண்ணப்பம், நேர்காணல், நியமனக் கடிதம் என்று எதுவும் கிடையாது. தெரிந்தவர் மூலம் ஒரு போன், இல்லையென்றால் ஒரு ஏஜென்சி. மறுநாள் காலையில் ஒரு பையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

2021-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் மதிப்பீட்டின்படி, தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம் நமக்குத்தான். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி விளையும் பெரம்பலூரிலும், முந்திரியும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள அரியலூரிலும் படித்த பிள்ளைகள் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போய்விடுகிறார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடுகளும் இங்கே இருக்கின்றன. காட்டு வேலையை விட்டுவிட்டு, திருச்சியிலோ சென்னையிலோ வேறு யாரோ ஒருவரின் பெற்றோரைப் பார்க்கப் போகும் பெண்களும் இங்கே இருக்கிறார்கள்.

உண்மையில் என்ன வேலை?

"சும்மா கூட இருந்தா போதும்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிப் போகக்கூடாது. குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது எல்லாம் இதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு.

படுத்த படுக்கையாக இருப்பவரை சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாட்டர் பெட் இருந்தாலும் இதை விட முடியாது. இரவிலும் புரட்ட வேண்டும் என்பதால் 'தங்கி வேலை' என்பது தூக்கமில்லாத வேலையும்கூட. இடுப்புக்குக் கீழே, குதிகாலில், முழங்கை ஓரத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் ஊரில் பழக்கம். தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் நசுங்கும், புண் பெரிதாகும்.

பக்கவாதம் வந்தவரை, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தோள்மூட்டு நழுவிவிடலாம். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூத்திரப் பை எப்போதும் படுக்கை மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும்.

பார்த்துக்கொள்பவரின் உடம்பும் இருக்கிறது. கிராமத்து வீடுகளில் பாட்டி பாயில் படுத்திருப்பார், அல்லது நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலில். தரையிலிருந்து ஒரு ஆளைத் தினமும் பத்து முறை தூக்கினால் சில மாதங்களில் இடுப்பு போய்விடும். நாலு கால் உள்ள உறுதியான கட்டில், தேவைப்பட்டால் காலுக்குக் கீழே செங்கல், ஒரு கமோடு நாற்காலி. சம்பளம் பேசுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

எதைச் செய்யக்கூடாது?

ஊசி போடுவது, மூக்கு வழியாக உணவுக் குழாய் செருகுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது எல்லாம் நர்ஸின் வேலை. நர்ஸிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். 'ஹோம் ஹெல்த் எய்ட்', 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற பெயரில் நடக்கும் திறன் பயிற்சிகளை முடித்து சான்றிதழ் வாங்கினாலும் அவர் நர்ஸ் ஆகிவிட மாட்டார். ஆனால் பல விளம்பரங்களில் 'ஹோம் நர்ஸ்' என்றே போடுகிறார்கள். குடும்பமும் அதை நம்பி, "இன்சுலின் நீங்களே போட்டுடுங்கம்மா" என்கிறது. ஏதாவது தப்பாகிவிட்டால் மாட்டிக்கொள்வது போட்டவர்தான்.

சம்பளமும் சட்டமும்

இதே பெயர்க் குழப்பம் சம்பளத்திலும் வருகிறது. வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-ல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. அப்போதைய தொகை மணிக்கு 40 ரூபாயைக்கூடத் தொடவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியமும் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கான உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கிடைக்கும். மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஆன்லைனிலோ பதியலாம்.

முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், "நான் என்ன பாத்திரம் தேய்க்கிறவளா?" என்று 'வீட்டுப் பணியாளர்' பட்டியலில் சேரத் தயங்கலாம். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் இப்போதைக்குப் பாதுகாப்பு என்று ஏதாவது இருந்தால், அது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்தவர் வீட்டில் தங்கும் பெண்ணுக்கு இன்னொரு பயமும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே பார்க்கிறது. வீட்டுப் பணியாளர் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் புகார் தரலாம். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.

ஏஜென்சி வழியாகப் போனால் மாதக் கமிஷன் எவ்வளவு, முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா, மாதம் எத்தனை நாள் லீவு, அந்த லீவு நாளில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ்களின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

அரசு என்ன செய்கிறது?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மற்ற மாவட்டங்களைப் போல இங்கும் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருவார்கள். வேலைக்குப் போகும் பெண் இந்த நர்ஸின் போன் நம்பரை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பதன் பெயரோ 'ஊக்கத்தொகை'. தொடக்கத்தில் மாதம் ரூ.4,500, பிறகு ரூ.5,500. அரசுத் தரப்பிலும் அவர்கள் ஊழியர்கள் இல்லை, 'தன்னார்வலர்கள்'.

கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் ரூ.2,000. எந்நேரமும் ஒருவரின் துணை தேவைப்படுவோருக்கு, உதவியாளருக்காகக் கூடுதலாக மாதம் ரூ.1,000 தரும் திட்டமும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மாதம் 1,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். அதில் முழுநேர ஆள் வைக்க முடியாது. அதனால் பெரும்பாலான வீடுகளில் அந்த உதவியாளர் அம்மாவாகவோ, மனைவியாகவோ, படிப்பை நிறுத்திய மகளாகவோதான் இருக்கிறார்.

ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் இதற்கென்றே காப்பீடு கொண்டுவந்தன. சம்பளத்தில் பிடித்த பணத்திலிருந்து பராமரிப்பாளருக்கு ஊதியம் போகிறது. இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணின் சொந்த வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. அதை அவர்கள் போனில் பதிந்துவிட்டுப் போகலாம்.