தோன்றி மறையும் கோளாறு

மகளைப் பரீட்சைக்கு ஏற்றிச் சென்ற காலைப் பொழுதில் எமது பழைய கார் நடுவீதியில் நின்றது. கராஜை அடைந்ததும் குற்றமற்றதுபோல் ஓடிற்று! கொம்பியூட்டர்ப் பெட்டியையே மாற்றவேண்டும் என்றனர். கேட்ட தொகையோ என் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியது.

2020 முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டியைப் பேணுதல் நம்மவர் பலருக்கும் கட்டாயமாயிற்று. ஆதலின் ஒன்றை அறிதல் நன்று. பற்றரியினின்று புறப்படும் மின் திரும்பி வருவது, எஞ்சினையும் வண்டியின் உடலையும் பற்றரியின் எதிர்முனையோடு இணைக்கும் ‘ஏர்த்’ வயர் வழியாகவே. அதன் முனைகளில் களிம்பேறினால், அதிரும்போதும் சூடேறும்போதும் தொடர்பு விட்டுவிட்டு அறும்.

சோதனை எளிது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மல்ரிமீற்றரின் ஒரு நுனியைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்றுலோகத்திலும் பதித்து, வேறொருவரைக் கொண்டு ஸ்ராட் செய்வியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேற் காட்டின் குற்றம் அத்தொடுப்பிலேயே உளது. வயரைக் கழற்றி, முனைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, இறுகப் பூட்டினாற் போதும்.

எமது காருக்குச் செலவானது அரைமணி நேரமே. புதுப்பெட்டி வாங்குமுன் பழைய வயரைப் பாருங்கள்.