மங்கியது பாட்டா, பெட்டியா?

தூத்துக்குடியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள். இலங்கை வானொலிக்கு டிரான்சிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று இன்றும் சொல்வார்கள். அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் மங்கினால் பெட்டியைக் கால்வட்டம் திருப்புவார்கள், தெளிந்துவிடும். உள்ளே ஒரு கறுப்புக் குச்சி, அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். திசை பார்த்தது அந்தச் சுருள்; கொழும்பில் அவர் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

எம்.ஆர்.ஐ. அறையில் தலைக்கு மாட்டும் கூண்டிலும் இப்படிச் சுருள்கள் உண்டு. சிலவற்றில் 32 கூட. படம் எடுப்பதோடு, மூளையின் ஒரு துண்டில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு என்றும் இந்த இயந்திரம் அளக்கும். அதுதான் ஸ்பெக்ட்ராஸ்கோபி. ஹைட்ரஜன் எந்த மூலக்கூறில் ஒட்டியிருக்கிறதோ அதற்கேற்ப அது அனுப்பும் சிக்னலின் அதிர்வெண் துளி விலகும். எத்தனாலின் ஹைட்ரஜன் சிக்னல் மூன்று சிகரங்களாகப் பிரிவதை 1951இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து காட்டிய மூவரில் ஒருவர் இந்தியர், எஸ். எஸ். தர்மட்டி. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இத்துறைக்கு வித்திட்டவரும் அவரே.

ஆனால் சிகரத்தின் உயரமே பொருளின் அளவு என்று அப்படியே நம்பிவிட முடியாது. சுருளை ஒட்டிய மூளையோரம் உரக்கப் பேசும். நடுவிலுள்ள தலாமஸ் முணுமுணுக்கும். நரம்பணுக்களின் நலம் சொல்லும் என்.ஏ.ஏ. என்ற வேதிப்பொருள் அங்கே குறைவு என்று தோன்றினால், குறைந்தது சுருளின் காதாகவும் இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய அதே துண்டின் தண்ணீரையும் அளப்பார்கள். தண்ணீரின் சிகரம் பல ஆயிரம் மடங்கு பெரிது என்பதால் வழக்கமாக அதை அடக்கிவிடுவது உண்டு; ஒருமுறை மட்டும் அடக்காமல் எடுப்பார்கள். வானொலி மங்கும்போது பாடகரோடு தபேலாவும் சேர்ந்தே மங்கும் அல்லவா? இரண்டுக்குமான விகிதம் மாறாது. என்.ஏ.ஏ.வைத் தண்ணீரால் வகுத்தால் சுருளின் பாரபட்சம் கழிந்துபோகும். பல சுருள்கள் இருந்தால், எதன் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் அந்தத் தண்ணீரே சொல்லிவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை. சாம்பல்நிறப் பகுதியில் தண்ணீர் சுமார் 80 சதவீதம், வெண்பகுதியில் 70. வீங்கிய இடத்தில் இன்னும் கூடும். வகுக்கும் எண் பெருத்து, விடை சிறுத்துவிடும்.

அப்போது அளவு தெரிந்த கரைசலை ஒரு பாட்டிலில் வைத்து ஒப்பிடுவதுண்டு. அதில் உப்பு போடவேண்டும் என்பது உப்பளத்து ஊரான தூத்துக்குடிக்குப் பிடிக்கும். கடல்நீர்போல லிட்டருக்கு 35 கிராமெல்லாம் வேண்டாம், உடம்பைப்போல மின்சாரம் கடத்தினால் போதும். உடம்பின் உப்புநீர் சுருளின் கூர்மையை மழுக்கும். உப்பில்லாத பாட்டிலில் அது துள்ளும். பாட்டிலுக்கும் தலைக்கும் மீதமிருக்கும் வித்தியாசத்தையும் கண்டுகொள்ள வழியுண்டு: அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சுருள் என்றால், அணுக்கருக்களை 90 பாகை சாய்க்கத் தலைக்கு எத்தனை மடங்கு கூடுதல் வோல்ட் தேவைப்பட்டதோ, அதே விகிதத்தில்தான் அது வாங்கும் சிக்னலும் குறைந்திருக்கும்.