செடியைப் பிடுங்கினால் போதுமா?

பசிபிக் மாகடலிலே உள்ள பிஜித் தீவை நம் நாட்டார் அறிவர். கரும்புத் தோட்டக் கூலிகளாக 1903 முதல் சென்னையிலிருந்தும் ஏழைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவு அது. அந்த நாட்டின் கஞ்சாச் சட்டம் பற்றி உழைப்பாளித் தோழர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பயிரிட்டவனுக்கும் விற்றவனுக்கும் மடியிலே ஒரு பொட்டலம் வைத்திருந்தவனுக்கும் ஒரே பிரிவு! உச்சத் தண்டனை ஆயுள் சிறை, அல்லது 10 லட்சம் டாலர் அபராதம், அல்லது இரண்டும். எலிக்கும் யானைக்கும் ஒரே பொறி!

அதற்கு முந்தைய சட்டத்திலே, சிறிதளவு வைத்திருந்தவனுக்கும் 3 மாதச் சிறை கட்டாயம். குற்றத்தை மிஞ்சிய தண்டனை என்று 2001-இல் உயர்நீதிமன்றமே அதைத் தள்ளிற்று. புதிய சட்டம் வந்த பிறகு, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவு வகுத்தது: 100 கிராமுக்கு உட்பட்டால் பொதுவாகச் சிறை வேண்டாம், 4 கிலோவும் அதற்கு மேலுமானால் 7 முதல் 14 ஆண்டு. சட்டம் மறந்த தராசை நீதிமன்றம் கையில் எடுத்தது, மகிழ்ச்சியே!

ஆனால் அந்தத் தராசிலே கஞ்சாவின் எடை தெரியும். குடியானவனின் வறுமை தெரியுமா?

நவோசா மலைப்பகுதிக்குப் போலீசார் ஏறுகிறார்கள். செடியைப் பிடுங்குகிறார்கள், எரிக்கிறார்கள், பயிரிட்டவனைப் பிடிக்கிறார்கள். அவன் ஏன் பயிரிட்டான்? அங்கே விளையும் யங்கோனாக் கிழங்கு பருவத்துக்கு வர மூன்றாண்டுக்கு மேலாகும். விளைந்ததைச் சந்தைக்குச் சுமக்க நல்ல பாதை வேண்டும். கஞ்சாவோ சில மாதத்திலே காசாகும். வாங்குபவன் தேடி வருவான். பாதை போடாத அரசு, படையை மட்டும் அனுப்பினால் தீருமா?

கஞ்சாவுக்காக நாம் வாதாடவில்லை. அது இளைஞர் வாழ்வைக் கெடுக்கிறது; மறுப்பாரில்லை. ஆனால் 2024-இல் நாண்டி நகர்ப்பகுதியிலே பிடிபட்டது என்ன? 4 டன்னுக்கு மேற்பட்ட 'மெத்' எனும் கொடிய போதைமருந்து! அத்தனையும் மலைக்குடியானவன் மண்வெட்டியால் விளைந்ததா? இல்லை; பெரும்பணம் கடல்வழியே கொண்டுவந்து குவித்தது. உண்மையான ஆபத்து துறைமுகத்திலே இறங்குகிறது.

2022-இல் அதே செடியின் போதை குறைந்த இனமான தொழிற்சணலுக்கு, போதைச்சத்து 1 விழுக்காட்டை மீறாவிட்டால் தடையில்லை என்று சட்டம் திருத்தினார்கள். நல்லது! ஆனால் அந்தப் பயிரின் பலன் நவோசாக் குடிசைக்கு வருமா, பணக்காரன் பண்ணையோடு நின்றுவிடுமா?

தோழர்களே! மலைக்குப் பாதை, விளைச்சலுக்கு விலை, இளைஞனுக்கு வேலை: இம்மூன்றும் வந்தால் பாதிச் செடி தானே பட்டுப்போகும். வராவிட்டால், இன்று பிடுங்கியது நாளை அடுத்த மலையிலே முளைக்கும். வறுமையின் வேரை விட்டுவிட்டுச் செடியின் வேரைத் தேடுவது ஆட்சியாகாது!