சுடாத 200 டிகிரி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் தயாராகும் டைனாவேப் என்ற கருவியில் பேட்டரியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. விரலைவிடச் சற்று நீளமான குழாய், அதன் நுனியில் பொடித்த உலர் மூலிகையை அடைக்கச் சிறிய அறை, அறைக்கு மேல் ஓர் உலோக மூடி, அவ்வளவுதான். மூடியைத் தீச்சுடரில் காட்டிச் சுழற்றினால், போதிய சூடு ஏறியதும் ‘டிக்’ என்று ஒலி வரும். மூடிக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சட்டென வளையும் ஒலி அது. சூட்டில் ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டினால், சூடேறும்போது அந்தத் தகடு வளைந்தே ஆக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடற்கடிகாரத்தைச் சரியாக ஓடவைக்கப் பயன்படுத்தியதும் இதே தத்துவம்தான்.

ஒலி வந்ததும் உறிஞ்ச வேண்டும். உள்ளே வரும் காற்று 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மூலிகையைக் கடக்கும். இலை எரியாது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருட்கள் மட்டும் ஆவியாகும். 2018-ல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா போன்ற நாடுகளில் இத்தகைய கருவிகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. கூடவே, ஆவியைக் குளிர்விக்கும் துணைக் குழாய்களுக்கும். சுருள் வடிவக் கண்ணாடிக் குழாய், உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை கொண்ட டைட்டானியம் குழாய், தண்ணீர் நிரப்பிய குமிழ் என்று அவற்றில் பல வகை உண்டு.

மூலிகை அறையில் 200 டிகிரி, உதட்டில் வெதுவெதுப்பு. இடையில் இருப்பதோ சில அங்குலம். அந்தச் சில அங்குலத்துக்குள் அவ்வளவு சூடும் எங்கே போகிறது?

விடையின் முதல் பாதி 1774-ல் லண்டனில் கிடைத்தது. ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் கடுமையாகச் சூடேற்றிய ஓர் அறைக்குள் சார்லஸ் பிளாக்டனும் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸும் நண்பர்களும் நுழைந்தார்கள். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 127 டிகிரி. அங்கே வைத்த முட்டை வெந்து கெட்டியானது, மாட்டிறைச்சித் துண்டு வெந்தது. மனிதர்களோ மூச்சுவிட்டபடி நின்று, நலமாக வெளியே வந்தார்கள். வெப்பமானியின் மேல் வாயால் ஊதியபோது பாதரசம் கீழே இறங்கியது. அந்த அறையில் அவர்களுடைய மூச்சே குளிர்காற்றாக இருந்தது.

வியர்வை அவர்களைக் காத்தது. இன்னொரு காரணம், காற்றிடம் வெப்பநிலை உயர்வாக இருந்தாலும் வெப்பத்தின் அளவு மிகக் குறைவு. கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒருமுறை உறிஞ்சும் அரை லிட்டர் காற்றின் எடை சுமார் 0.6 கிராம். அதை 200 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறக்க நீக்க வேண்டிய வெப்பம் நூறு ஜூலுக்கும் சற்றுக் குறைவு. ஒரு தேக்கரண்டித் தண்ணீரை அது ஐந்து டிகிரிகூடச் சூடேற்றாது. அதே 0.6 கிராம் நீராவியாக இருந்து 100 டிகிரியில் தண்ணீராக மாறினால், அந்த மாற்றத்தில் மட்டும் சுமார் 1,350 ஜூல் வெளிப்படும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையைச் சுடுவது இந்த மறைந்த வெப்பம்தான். மூலிகை ஈரமாக இருந்தால் ஆவி தொண்டையைச் சுடுவதற்கும் இதுவே காரணம். விலை உயர்ந்த துணைக் குழாய் வாங்கும் முன் மூலிகையை நன்றாக உலர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குளிர்விக்க வேண்டிய வெப்பம் இவ்வளவு சொற்பம் என்றால் சாதாரணக் குழாயே போதாதா? முதல் இரண்டு இழுப்புக்குப் போதும். இருபது கிராம் எஃகுக் குழாய் அந்த நூறு ஜூலையும் வாங்கிக்கொண்டால் அதன் வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயரும். அடுத்தடுத்து இழுத்தால் குழாய் ஆறுவதற்குள் மேலும் மேலும் ஏறும். கடைசி இழுப்புகள் காட்டமாக இருப்பது இதனால்தான். கனமான குழாய் வெப்பத்தை அதிக நேரம் தாங்கும். எந்தக் குழாயானாலும் இழுப்புகளுக்கு இடையே விடும் இடைவெளி செலவில்லாத குளிர்விப்பு.

அடுத்த சிக்கல், அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்து சுவருக்குக் கடத்துவது. சுவரை ஒட்டி நகராமல் நிற்கும் மெல்லிய காற்றுப்படலம் ஒரு போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். பிளாக்டன் குழு இதையும் கண்டது. அதே அறையில் துருத்தியால் இறைச்சித் துண்டின் மேல் காற்றை ஊதியபோது அது 13 நிமிடத்தில் வெந்துவிட்டது. ஊதிய காற்றும் சூடான காற்றுதான். ஆனால் இறைச்சியை மூடியிருந்த படலத்தை அது கலைத்துவிட்டது. நல்ல துணைக் குழாயின் வடிவமைப்பு முழுவதும் இந்தப் படலத்தைக் கலைக்கும் கலைதான். பாதையைக் குறுக்கினால் காற்றின் ஒவ்வொரு பகுதியும் சுவருக்கு அருகே வரும். வளைத்தால், வளைவில் காற்று உள்ளுக்குள்ளேயே இரட்டைச் சுழலாகப் புரண்டு நடுவிலுள்ள சூடான பகுதியைச் சுவரை நோக்கித் தள்ளும். இந்தச் சுழலைக் கணிதத்தில் விளக்கியவர் டபிள்யூ. ஆர். டீன், 1927-ல். தண்ணீர்க் குமிழிலும் இதே கதைதான். குமிழியின் விட்டம் பாதியானால், அதே அளவு காற்றுக்குத் தொடுபரப்பு இரு மடங்காகும்.

ஆனால் குளிர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஆவி குளிரும்போது நுண்துளிகளாகத் திரள்கிறது. வெண்மையாகத் தெரிவது அந்தத் துளிகள்தான். ஒரு பங்கு குழாயின் சுவரிலேயே படிந்து, பழுப்புநிறப் பிசினாகத் தேங்கும். பாதை நீளமாகவும் சுவர் சில்லிட்டும் இருந்தால் படிவும் கூடும். காற்றைக் குளிர்வித்து, காற்று சுமந்து வரும் பொருளை விட்டுவைப்பதுதான் இங்கே உண்மையான சவால்.

தொண்டையின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 43 டிகிரியைத் தாண்டினால் நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் திறந்து எரிச்சலை அறிவிக்கும். மிளகாயின் காரத்தை அறிவிப்பதும் இதே புரதம். 1997-ல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குளிர்விக்கும் குழாய் இந்தக் காவலாளியை அமைதிப்படுத்துகிறது. காவலாளியின் பார்வைக்குத் தப்பி உள்ளே போகும் நுண்துளிகளும் வேதிப்பொருட்களும் அப்படியேதான் நுரையீரலை அடைகின்றன. இதமாக இருப்பதால் ஆழமாகவும் நீளமாகவும் இழுக்கத் தோன்றும். ஹூக்கா புகையைத் தண்ணீர் வழியே செலுத்துவது அதைப் பாதுகாப்பானதாக்காது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

உண்மையான வேறுபாடு உண்டாகும் இடம் சூடேற்றும் அறை. 2007-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழு, கஞ்சாவை எரித்துப் புகைப்பதையும் ஆவியாக்கி இழுப்பதையும் ஒப்பிட்டது. எரித்தபோது மூச்சில் கார்பன் மோனாக்சைடு தெளிவாகக் கூடியது. ஆவியாக்கியபோது அது கூடவே இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த முடிவை எழுதியது வெப்பநிலை. ஆவியாக்கும் கருவியிலும் ‘டிக்’ ஒலியை மதிக்காமல் சுடரை நீட்டினால் இலை கருகும், எரிபுகை பிறக்கும். எவ்வளவு அருமையான குழாயாலும் பிறந்த புகையைப் பிறக்காததாக்க முடியாது. குளிர்ச்சியைத் தூய்மையின் சான்றாக எடுத்துக்கொள்பவர், தன் உடலில் இருக்கும் மிகப் பழைய எச்சரிக்கை மணியைத் தானே கழற்றி வைக்கிறார்.