வாயேஜர் கம்ப்யூட்டருக்குத் தொலைவிலிருந்து சிகிச்சை

பழுதுற்ற யந்திரத்தைத் திறந்து பார்ப்பதே அதைச் சீர்செய்வதற்கு முதற்படி. அந்த யந்திரம் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமாயின் என்ன செய்வது? 2023 நவம்பரில் அமெரிக்க விஞ்ஞானிகள் இத்தகைய சங்கடத்துக்கு ஆளாயினர்.

1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பெற்ற வாயேஜர்-1, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை 2012-இல் எட்டிய முதல் விண்கலமாகும். அதிலுள்ள கம்ப்யூட்டர்களுள் ஒன்று, கருவிகள் எடுக்கும் அளவுகளையும் கலத்தின் நிலைபற்றிய விவரங்களையும் தொகுத்துப் பூமிக்கு அனுப்ப ஏற்றதாக அமைத்துத் தருவது. நவம்பர் 14 முதல் அதனிடமிருந்து ஒன்றும் பூஜ்யமும் பொருளின்றி மாறி மாறி வரலாயின. ஆயினும் பூமியிலிருந்து சென்ற கட்டளைகளைக் கலம் ஏற்று நடந்தது. அது ஒன்றே ஆறுதல்.

இக் கம்ப்யூட்டரின் ஞாபகப் பகுதி மிகச் சிறியது. ஒவ்வொன்றும் 16 இலக்கங்கள் கொண்ட ஏறத்தாழ 8,000 அறைகளே அதில் உண்டு. இக்காலத்துப் புகைப்படம் ஒன்றுக்குக்கூட அது போதாது. அதன் வேலைத்திட்டம் முழுவதும் அந்த அறைகளிலேயே எழுதப்பட்டுள்ளது. எனவே கோளாறு எங்கே என்பதை அறிய அறைகளின் உள்ளடக்கத்தையே நேரில் படித்தாக வேண்டும்.

2024 மார்ச் 1 அன்று, வேலைத்திட்டத்தின் வேறு வேறு பகுதிகளை இயக்கிப் பார்க்கத் தூண்டும் கட்டளை ஒன்று அனுப்பப்பட்டது. ரேடியோ அலை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம்; விடை திரும்ப மேலும் அவ்வளவு. தவறான கட்டளையை அனுப்பினால், அது தவறென்று தெரியவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். மார்ச் 3 அன்று வந்த குறிகளில் ஒரு பகுதி மட்டும் வேறுவிதமாகக் காணப்பட்டது. பொறியியலார் ஒருவர் அதை மார்ச் 10-க்குள் பிரித்துப் படித்தார். ஞாபகப் பகுதி முழுவதன் நகலே அதில் இருந்தது!

கோளாறுக்கு முன்னர்க் கிடைத்திருந்த நகலுடன் அதை ஒப்பிட்டுப் பார்த்ததில், சுமார் 3 சதவீதம் சிதைந்திருப்பது புலனாயிற்று. ஒரே ஒரு சில்லு செயலிழந்ததே காரணம். விண்வெளித் துகள் தாக்கியதாலோ, 46 ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்ததாலோ அது கெட்டிருக்கலாம்.

சில்லை மாற்ற வழியில்லை. அதிலிருந்த வேலைத்திட்டத்தை முழுமையாக ஏற்கும் அளவுக்கு வேறெங்கும் தொடர்ச்சியான இடமுமில்லை. ஆகவே அதைத் துண்டுகளாக்கி ஆங்காங்கே குடியேற்றினர். ஒரு துண்டு மற்றொன்றைச் சரியாகத் தேடிச் செல்லுமாறு, இடம் குறிக்கும் எண்கள் யாவும் திருத்தப்பட்டன. இங்கே ஓர் எண் பிசகினாலும் புதுக் கோளாறுதான்.

கலத்தின் நிலையைத் தெரிவிக்கும் பகுதி முதலில் ஏப்ரல் 18 அன்று மாற்றியமைக்கப்பட்டது. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதங்களுக்குப் பின், பொருள் விளங்கும் செய்தி வந்தது. மே மாதத்தில் இரு விஞ்ஞானக் கருவிகளும், ஜூனில் எஞ்சிய இரண்டும் மீண்டும் அளவுகளை அனுப்பத் தொடங்கின.