மௌனமாகிவிட்ட டேக்

பெரிய மருத்துவமனைகளில் சிரை வழியாக மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்புகள் ஏராளமாக இருக்கும். ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், வார்டு என்று நோயாளியோடு சேர்ந்து அவையும் இடம் மாறும். அவசரத்துக்கு ஒன்று தேவைப்பட்டால் செவிலியர் மாடி மாடியாகத் தேட நேரும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் பம்பின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு, ரேடியோ அலையில் தன்னை அடையாளம் காட்டும் ஒரு ஆக்டிவ் ஆர்எஃப்ஐடி டேக் ஒட்டப்படுகிறது.

சுங்கச்சாவடியில் நாம் காட்டும் ஃபாஸ்டேக்கும் ஆர்எஃப்ஐடிதான். ஆனால் அது பேட்டரி இல்லாத பாஸிவ் வகை. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுப் பதில் சொல்லும். அதனால் அது எட்டும் தூரம் சில மீட்டர்தான். ஆக்டிவ் டேக்கில் பேட்டரி உண்டு. யாரும் கேட்காமலேயே சில நொடிகளுக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை அறிவிக்கும். திறந்த வெளியில் நூறு மீட்டர் தொலைவிலும் அது கேட்கும். கட்டடத்துக்குள் சுவர்கள் அந்தத் தூரத்தைக் குறைத்துவிடும். கட்டடத்தில் ஆங்காங்கே உள்ள ரீடர்களில் எதில் சிக்னல் வலுவாக விழுகிறது என்பதைப் பார்த்து, பம்ப் எந்த அறைக்கு அருகில் இருக்கிறது என்று கணினி கணிக்கிறது.

இப்படிப்பட்ட டேக்கின் தேவையை உணர்த்தியது 1991 வளைகுடாப் போர். அமெரிக்க ராணுவம் அனுப்பிய சுமார் 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவதற்காகவே திறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் கன்டெய்னர்களில் 433 மெகாஹெர்ட்ஸ் ஆக்டிவ் டேக் பொருத்தும் முறை அந்த ராணுவத்தில் வேரூன்றியது.

டேக்கின் பலமும் பலவீனமும் பேட்டரிதான். சிறிய டேக்குகளில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லின் கொள்ளளவு ஏறக்குறைய 225 மில்லி ஆம்பியர் மணி. டேக் சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி அது இரண்டரை ஆண்டு உழைக்கும். அடிக்கடி அறிவிக்கச் சொன்னால் ஆயுள் சுருங்கும். ஆகவே அசைவு உணரி உள்ள டேக்கை வாங்கி, பம்ப் நகரும்போது அடிக்கடியும் சும்மா இருக்கும்போது அரிதாகவும் பேசும்படி அமைப்பது நல்லது.

நீண்டகால டேக்குகளில் லித்தியம் தயோனைல் குளோரைடு செல் இருக்கும். லித்தியத்தின் மேல் படியும் மெல்லிய படலம் அதன் சேமிப்பைக் காக்கிறது. ஆனால் வெகுநாள் அலமாரியில் கிடந்த செல்லில் அதே படலம் தடித்து, முதல் முறை மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தத்தைச் சரிய வைக்கும். எனவே முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்த வேண்டும்.

டேக்கை ஒட்டும் இடமும் முக்கியம். உலோகத்தின் மேல் நேராக ஒட்டினால் ஆன்டெனாவின் அலைவரிசை பிசகும்; அதற்கென்று உள்ள இடைத்தட்டு வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீரும் மனித உடலும் உறிஞ்சிக்கொள்ளும். கிருமிநாசினி கொண்டு தினமும் துடைக்கும்போது பசை இளகும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி வெப்பம் சாதாரண பேட்டரிக்கு ஆகாது. அப்படிக் கிருமி நீக்கும் வேறு கருவியில் டேக் இருந்தால், உள்ளே வைக்குமுன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

இத்தனை பராமரிப்பும் எதற்கு? ஒரு டேக் பேசாமல் போனால் அதற்குக் காரணங்கள் பல: பம்ப் களவு போயிருக்கலாம், ரீடர் எட்டாத மூலைக்குப் போயிருக்கலாம், இரும்பு அலமாரி மறைத்திருக்கலாம், வெறுமனே பேட்டரி தீர்ந்திருக்கலாம். கணினித் திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பேட்டரி குறைகிறது என்று டேக் அனுப்பும் எச்சரிக்கையை வாரந்தோறும் பார்த்து உடனுக்குடன் மாற்றுகிற இடத்தில் அந்தக் கடைசிக் காரணம் பெரும்பாலும் விலகிவிடும். அங்கே மௌனம் என்றாலே உடனே தேட வேண்டும் என்று பொருள்.

எந்த டேக் எந்தக் கருவியில் என்று சொல்லும் பதிவேட்டையும் அப்படியே காக்க வேண்டும். பழுதான பம்பைக் கழித்துக்கட்டும்போது அதன் டேக் எண்ணையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்; வேறு கருவிக்கு மாற்றினால் அன்றே பதிய வேண்டும். மாதம் ஒருமுறை பயோமெடிக்கல் ஊழியர் ஒருவர் சில கருவிகளை நேரில் பார்த்து, திரை சொல்வதோடு ஒப்பிட்டால் பிழைகள் சேராது. இந்த வேலைக்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிய பிறகே டேக்குகளை வாங்க வேண்டும்.